ஓர் எழுத்து மாறினால்?

மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் நீலகிரி மலை ரயிலில் நீங்கள் உதகைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரயில் புறப்படும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளையும் காட்டையும் தேயிலைத் தோட்டங்களையும் கடந்து, 46 கிலோமீட்டர் ஏறி உதகை நிலையத்தை அடையும்போது உயரம் 2,200 மீட்டராகிவிடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் விறுவிறுவென்று நடந்து பாருங்கள். சற்று நேரத்திலேயே மூச்சு வாங்குகிறது அல்லவா?

காரணம் எளிது. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் உதகையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிறது. அந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் நுரையீரலில் ஏற்றிக்கொண்டு, உடலின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்க்க ஒரு சுமைகூலி வேண்டும். இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே அந்தச் சுமைகூலி.

இந்தச் சுமைகூலியை உடல் எப்படிச் செய்துகொள்கிறது? செய்யும்போது ஒரு சிறு தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரி மலையிலேயே தொடங்கலாம்.

1952-இல் ஒரு செய்தி

1952-ஆம் ஆண்டில் ஹெர்மன் லெமான், மேரி கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வழக்கமாக நமது சிவப்பணுக்கள் வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து, உளுந்து வடையைத் தட்டும்போது நடுவில் விரலால் அழுத்தியதுபோல் இருக்கும். ஆனால் அவர்கள் சோதித்தவர்களுள் சிலரது சிவப்பணுக்கள், ஆக்சிஜன் குறைந்த நிலையில், கதிர் அறுக்கும் அரிவாளைப்போல வளைந்துவிட்டன!

இத்தகைய அணுக்களை 1910-இலேயே சிகாகோ நகரில் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் விவரித்திருந்தார். அதன் பிறகு வெகு காலம் வரை இது ஆப்பிரிக்க வழியினருக்கு மட்டுமே உரிய நோய் என்றே பலர் எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றிய செய்திகளுள் ஒன்று நம் நீலகிரியிலிருந்து சென்றது. இன்று மராட்டியம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், குஜராத், ஒடிசா முதலிய பல மாநிலங்களிலும் இது இருப்பது தெரியும். நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் முதலிய மக்களிடையே காணப்படுகிறது. இதற்கு அரிவாள் அணுச் சோகை என்று பெயர்.

கிருமியால் வருவதன்று இந்நோய், தொட்டால் ஒட்டாது, உணவுக் குறையாலும் வருவதில்லை. உடலில் எழுதிவைக்கப்பட்டுள்ள செய்முறைக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. அந்தக் குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டால்தான் இந்த நோய் புரியும். படிப்போமா?

ஐந்நூற்று எழுபத்து நான்கு மணிகள்

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் புரதம் என்பது ஒரே பொருள் அன்று. உடலில் பல்லாயிரம் வகைப் புரதங்கள் உள்ளன. தசையை இழுப்பது, உணவைச் செரிப்பது, நோய்க்கிருமியைப் பிடிப்பது, தலைமுடியாக வளர்வது எல்லாம் புரதங்களே.

எந்தப் புரதமானாலும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த சரமே. மணிகளில் 20 வகைகள் உண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி வருகிறது என்னும் வரிசைதான் புரதத்துக்குப் புரதம் வேறுபடுகிறது. கோத்து முடிந்த சரம் தானாகவே மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடைகிறது. வடிவம் சரியாக இருந்தால் வேலை சரியாக நடக்கும்.

ஹீமோகுளோபினில் நான்கு சரங்கள் உள்ளன. ஆல்ஃபாச் சரங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 141 மணிகள். பீட்டாச் சரங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 146 மணிகள். ஆக மொத்தம் 574. ஒவ்வொரு சரமும் இரும்பு கொண்ட ஹீம் என்னும் சிறு தட்டை மடியில் வைத்திருக்கிறது. அந்த இரும்பில்தான் ஆக்சிஜன் வந்து அமர்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே இழப்பை ஈடுசெய்ய உங்கள் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை ஆக்கியவண்ணம் இருக்கிறது. இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி பிறந்திருக்கும்!

இத்தனை சரங்களிலும் மணிகளின் வரிசை மாறாமல் கோப்பது எப்படி?

மூலப் பதிவேடும் நகலும்

வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலங்களைப் பற்றிய மூலப் பதிவேடுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேண்டுமானால், தேவையான பக்கத்துக்கு மட்டும் நகல் வாங்கிக்கொள்ளலாம். செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான்.

செல்லின் உட்கருவுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் மூலப் பதிவேடே டி.என்.ஏ. அது முறுக்கிய நூலேணியைப் போன்றது என்பதை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் எடுத்துக்காட்டினர். தமிழுக்கு 247 எழுத்துகள்; டி.என்.ஏ.வின் மொழிக்கு நான்கே எழுத்துகள். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் வேதிப்பொருள்களே அவை. சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்போம். நூலேணியின் ஒரு பக்கத்தில் ஏ இருந்தால் மறுபக்கத்தில் டி இருக்கும். ஜி இருந்தால் சி இருக்கும். இந்த இணை எப்போதும் மாறாது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என நாம் பெறுகிறோம். ஒரு தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒரு புரதச் சரத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதியை ஒரு ஜீன் அல்லது மரபணு என்கிறோம். பீட்டாச் சரத்தின் ஜீன் 11-ஆவது குரோமோசோமில் உள்ளது.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரவிருக்கும் ஒரு செல்லுக்கு இப்போது பீட்டாச் சரம் தேவைப்படுகிறது. அந்த ஜீன் இருக்கும் இடத்தில் நூலேணி சற்றுப் பிரிந்து திறக்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி, பிரிந்த ஓரிழையின்மீது நகர்ந்துகொண்டே, எழுத்துக்கு எழுத்து இணையெழுத்தை அமைத்து ஒரு நகல் எடுக்கிறது. இந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இதில் ஒரு சிறு வேறுபாடு: டி வரவேண்டிய இடங்களில் யுராசில் என்னும் வேறோர் எழுத்து, அதாவது யு, வருகிறது.

எடுத்த நகலை அப்படியே வெளியே அனுப்பிவிடுவதில்லை. புரதத்துக்குத் தேவையில்லாத பகுதிகள் இடையிடையே இருக்கும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, தேவையான பகுதிகளை ஒட்டிச் சேர்க்கிறது செல். பீட்டா ஜீனின் நகலில் இப்படி இரண்டு பகுதிகள் வெட்டப்படுகின்றன. செப்பனிட்ட நகல் உட்கருவின் துளைகள் வழியாக வெளியே வருகிறது. மூலப் பதிவேடோ இருந்த இடத்தைவிட்டு அசையாது.

முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லையே, பிறகு அதற்கு ஹீமோகுளோபின் எங்கிருந்து வந்தது என்று உங்களுள் யாரேனும் கேட்டால் அது நல்ல கேள்விதான். சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் வளரும்போது அதற்கு உட்கரு இருக்கிறது. வேண்டிய நகல்களை எடுத்து வேலையை முடுக்கிவிட்ட பிறகுதான் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது.

மூன்றெழுத்துச் சொற்கள்

நகல் கையில் இருக்கிறது. அதில் இருப்பவை நான்கு வகை எழுத்துகள். கோக்க வேண்டியவை இருபது வகை மணிகள். ஓர் எழுத்துக்கு ஒரு மணி என்றால் நான்கு மணிகளுக்குத்தான் சொல் கிடைக்கும். இரண்டெழுத்துச் சொற்கள் என்றால் 16. அதுவும் போதாது. மூன்றெழுத்துச் சொற்கள் என்றால் 64, தாராளம்! இயற்கை இந்த மூன்றெழுத்து முறையையே கையாளுகிறது.

எந்தச் சொல்லுக்கு எந்த மணி? 1961-இல் அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும் யு-யு-யு என்னும் சொல்லுக்கு ஃபினைல் அலனைன் என்பதே பொருள் என்று முதலில் கண்டனர். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, தாம் விரும்பிய வரிசையில் எழுத்துகளைக் கோத்துச் செயற்கை ஆர்.என்.ஏ. செய்து, மற்றச் சொற்களின் பொருளையும் வெளிக்கொணர்வதில் பெரும் பங்கு ஆற்றினார். நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் 1968-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

64 சொற்களில் 61 சொற்கள் மணிகளைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். இருபது மணிகளுக்கு 61 சொற்கள் என்பதால் ஒரு மணிக்குப் பல சொற்கள் இருக்கலாம். மரம் என்றாலும் தரு என்றாலும் ஒன்றுதானே? அதைப்போல ஜி-ஏ-ஜி என்றாலும் ஜி-ஏ-ஏ என்றாலும் குளுட்டாமிக் அமிலம்தான். ஆகவே சில எழுத்துகள் மாறினாலும் ஒரு குறையும் நேர்வதில்லை.

இப்போது பீட்டாச் சரத்துக்கான நகலின் முதல் ஏழு சொற்களை நீங்களே படித்துப் பாருங்கள்:

ஏ-யு-ஜி, ஜி-யு-ஜி, சி-ஏ-யு, சி-யு-ஜி, ஏ-சி-யு, சி-சி-யு, ஜி-ஏ-ஜி.

இவற்றின் பொருள் முறையே: மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம். முதற்சொல்லான ஏ-யு-ஜி, "இங்கே தொடங்கு" என்பதற்கும் அடையாளம். அதற்குரிய மெத்தியோனின் பின்னர் கத்தரிக்கப்பட்டுவிடும். எனவே குளுட்டாமிக் அமிலம் முடிந்த சரத்தில் ஆறாவது மணியாகிறது. இந்த ஆறாவது மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கர ரயிலும் ரைபோசோமும்

சொற்களைப் படித்து மணிகளைக் கோக்கும் தொழிற்சாலை ரைபோசோம். அது வேலை செய்யும் விதத்தை அறிய நம் மலை ரயிலையே மறுபடி பார்க்கலாம்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம். அங்கே இரு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இன்னொரு தண்டவாளம் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி, பல்லுக்குப் பல் முன்னேறுகிறது. எந்தப் பல்லையும் தாண்டிக் குதிக்க முடியாது. ரைபோசோமும் அப்படியே. தூது ஆர்.என்.ஏ.வைக் கவ்விக்கொண்டு, மூன்று மூன்று எழுத்தாக முன்னேறுகிறது. மூன்றெழுத்து ஒரு பல்.

மணிகளைக் கொண்டுவருவது யார்? கடத்தும் ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் ஒரு முனையில் ஒரு மணி. மறுமுனையில் மூன்று எழுத்துகள். ரைபோசோமில் ஜி-ஏ-ஜி என்னும் சொல் வந்து நின்றால், அதற்கு இணையான சி-யு-சி என்னும் எழுத்துகளை உடைய கடத்தும் ஆர்.என்.ஏ. வந்து பொருந்துகிறது, தன் தோளில் கொண்டுவந்த குளுட்டாமிக் அமிலத்தைக் கொடுக்கிறது. ரைபோசோம் அதை முந்திய மணியுடன் பிணைக்கிறது. ஒரு பல் நகர்கிறது. வெறுங்கையான கடத்தும் ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது, அடுத்தது வருகிறது. நம் செல்களில் நொடிக்கு ஐந்தாறு மணிகள் கோக்கப்படுகின்றன. ஆகவே ஒரு பீட்டாச் சரம் முடிய ஏறத்தாழ அரை நிமிடம். யு-ஏ-ஏ என்னும் முற்றுப்புள்ளி வந்ததும் சரம் விடுபடுகிறது.

ஒரு நகலின்மீது ஒரே ஒரு ரைபோசோம்தான் ஓட வேண்டும் என்பதில்லை. ஹீமோகுளோபின் செய்யும் செல்களில் ஒரே நகலின்மீது பெரும்பாலும் ஐந்து ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை 1963-இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் கண்டனர்.

இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியவர்களுள் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். அவர் பிறந்த ஆண்டும் 1952. நீலகிரியின் அரிவாள் அணுக்களைப் பற்றி உலகம் அறிந்த அதே ஆண்டு!

இருபதாவது எழுத்து

"குளம் காப்போம்" என்று சுவரில் எழுத நினைத்த ஒருவர், "ள"வுக்குப் பதில் "ல" எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "குலம் காப்போம்" என்றாகிவிடும். மாறியது ஓர் எழுத்து. பொருளோ எங்கேயோ போய்விட்டது.

பீட்டா ஜீனிலும் அதுவே நேர்ந்தது. மேலே நீங்கள் படித்த ஏழு சொற்களில் எழுத்துகளை எண்ணுங்கள். இருபதாவது எழுத்து ஏ. அரிவாள் அணுச் சோகை உடையவர்களின் நகலில் அந்த இடத்தில் யு இருக்கிறது. மூலப் பதிவேட்டிலேயே எழுத்து மாறியிருப்பதால் நகலிலும் மாறுகிறது. ஜி-ஏ-ஜி என்பது ஜி-யு-ஜி ஆகிவிட்டது. ரைபோசோமுக்குச் சரி தவறு தெரியாது, இருப்பதைப் படிக்கும். ஜி-யு-ஜி என்றால் வாலின். ஆறாவது மணியாகக் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் கோக்கப்பட்டுவிடுகிறது.

146 மணிகளில் ஒன்றுதானே, போகட்டும் என்று சொல்லலாமா? முடியாது. குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் உடையது; நீரோடு இணங்கும். வாலின் எண்ணெயின் இனம், நீரோடு ஒட்டாது. ஹீமோகுளோபினின் வெளிப்புறத்தில் இப்படி ஓர் எண்ணெய்ப் பசையுள்ள முடிச்சு வந்துவிடுகிறது. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்போது தொல்லை இல்லை. ஆக்சிஜனை இறக்கிவைத்தவுடன் ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறுகிறது. அப்போது ஒரு மூலக்கூறின் முடிச்சு பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அடுத்தது அதற்கடுத்ததோடு. இப்படியே நீண்ட விறைப்பான நார்கள் உருவாகின்றன. அந்த நார்கள் உள்ளிருந்து தள்ளுவதால் வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைகிறது.

வட்டச் சிவப்பணு நெளிந்து கொடுத்து மிக நுண்ணிய குழாயிலும் நுழைந்துவிடும். அரிவாள் அணுவோ விறைத்துப்போய் வழியை அடைக்கும். அடைபட்ட இடத்துக்கு அப்பால் ஆக்சிஜன் போகாது. கை, கால், மார்பு, முதுகு எலும்புகளில் தாங்க முடியாத வலி. அரிவாள் அணுக்கள் எளிதில் சிதைவதால் அவற்றின் ஆயுள் 10 முதல் 20 நாள்தான். அதனால் சோகை, கண்களில் மஞ்சள் நிறம். குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமை, உயர்ந்த மலையின் ஆக்சிஜன் குறைவு ஆகிய எல்லாம் வலியைத் தூண்டக்கூடியவை.

1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர், இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் கண்டு, இதை "மூலக்கூறு நோய்" என்றனர். கேம்பிரிட்ஜில் வெர்னான் இன்கிராம் அந்த ஹீமோகுளோபினை டிரிப்சின் என்னும் நொதியால் ஏறத்தாழ முப்பது துண்டுகளாக வெட்டி, காகிதத்தில் பரப்பிப் பார்த்தார். ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறி நின்றது. அதில் ஒரே ஒரு மணி மாறியிருப்பதை 1957-இல் அவர் காட்டினார். ஜீனில் ஏற்படும் மாற்றம் புரதத்தில் ஒரு மணியை மாற்றும் என்பதற்கு உலகம் கண்ட முதற்சான்று அது.

இந்த எழுத்து ஏன் அழியவில்லை?

இவ்வளவு தீங்கு செய்யும் எழுத்து தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பது எப்படி? விடை கொசுவிடம் இருக்கிறது.

நீலகிரியின் அடிவாரக் காடுகளும் வயநாட்டுச் சரிவுகளும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிறுவிய ரொனால்டு ராஸ், அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1897-இல் உதகையிலிருந்து சீகூர் மலைப்பாதைப் பகுதிக்கு ஆராய்ச்சிக்காகப் போய், தாமே மலேரியாவில் விழுந்தார்!

பீட்டா ஜீன் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒரு படியில் மட்டும் எழுத்து மாறியிருந்தால் அவரைச் சுமப்பவர் என்கிறோம். அவருக்கு நோய் இல்லை, மற்றவர்களைப்போலவே வாழ்கிறார். அதோடு, கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. இதை 1954-இல் ஆலிசன் என்னும் அறிஞர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். மலேரியா மிகுந்த காட்டில் அந்த எழுத்து பல பிள்ளைகளின் உயிரைக் காத்திருக்கிறது. ஆகவே அதைச் சுமப்பது இழிவன்று. முன்னோர் மலேரியாவோடு போராடிய வரலாற்றின் அடையாளம்.

சிக்கல் எங்கே வருகிறது? தாயும் தந்தையும் இருவருமே சுமப்பவராக இருக்கும்போது. அப்போது பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், இரு படியிலும் மாறிய எழுத்தைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. இரண்டும் மாறாத படிகளாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் என்று இதற்குப் பொருள் அன்று. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

மூடிவைத்த பக்கம்

உங்கள் தோல் செல்லிலும் பீட்டா ஜீன் இருக்கிறது. கண் செல்லிலும் இருக்கிறது. ஆனால் அவை ஹீமோகுளோபின் செய்வதில்லை. பதிவேடு எல்லா அறைகளிலும் ஒன்றே. எந்தப் பக்கத்துக்கு நகல் எடுப்பது என்பதை ஒவ்வொரு செல்லும் தீர்மானிக்கிறது. மற்றப் பக்கங்கள் மூடியே கிடக்கின்றன.

அப்படி மூடிய ஒரு பக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. தாயின் வயிற்றில் இருந்தபோது நீங்கள் பீட்டாச் சரத்தைப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. அதற்குப் பதிலாகக் காமாச் சரம் என்னும் வேறொன்றைக் கொண்டு கரு ஹீமோகுளோபின் செய்துகொண்டீர்கள். பிறந்து சில மாதங்களில் அந்தப் பக்கம் மூடப்பட்டு, பீட்டாப் பக்கம் திறக்கப்பட்டது. இந்நோய் பிறந்தவுடன் தெரியாமல், ஆறு மாதம் அளவில் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம்.

மூடிய பக்கத்தை மறுபடி திறந்தால் என்ன? ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை அதை ஓரளவு செய்கிறது. கரு ஹீமோகுளோபின் கூடும்போது நார்கள் உருவாவது குறைகிறது, வலியும் குறைகிறது. அண்மையில் இன்னொரு வழியும் பிறந்தது. நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்னும் மூலக்கூறுக் கத்தரியால் காமாப் பக்கத்தின் பூட்டைத் தளர்த்தி, மறுபடி உடலில் செலுத்துகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன. ஆனால் அமெரிக்காவில் ஒருவருக்கு இதன் விலை 20 லட்சம் டாலருக்கும் மேல்! பணியர் குடியிருப்பில் பிறந்த குழந்தைக்கு அது எட்டாக்கனி. நம் நாட்டிலேயே மலிவாக இத்தகைய சிகிச்சையை உருவாக்க டெல்லியில் அறிவியல் அறிஞர்கள் முயன்று வருகிறார்கள்.

அதுவரை கையில் இருப்பவை எளிய கருவிகள்: ஓர் இரத்தப் பரிசோதனை, மாத்திரை, தடுப்பூசி, நிறையத் தண்ணீர், குளிருக்குக் கம்பளி. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையும் இந்தப் பணியைச் செய்து வருகின்றன. 2023 ஜூலை 1 அன்று இந்திய அரசு அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் நாட்டின் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்நோயை நீக்குவது என்பன அதன் இலக்குகள்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில், ஒரு சுற்று ஓடியதும் உட்கார்ந்துவிடும் தோழனோ, கால் வலி என்று அடிக்கடி விடுப்பு எடுக்கும் தோழியோ இருக்கலாம். சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் எளிய சோதனை செய்துகொள்ளும்படி ஆசிரியர் வழியாகச் சொல்லுங்கள். சுமப்பவர் என்று தெரிந்தால் அது வெட்கப்பட வேண்டிய செய்தியும் அன்று. திருமணத்துக்கு முன் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி, அவ்வளவே.

300 கோடி எழுத்துகளில் ஒன்று மாறினாலும் உடல் அதைப் படித்துவிடுகிறது. அந்த எழுத்தை நாமும் படிக்கக் கற்றுக்கொண்டோம். படித்தறிந்ததைக் கூடலூர்ச் சரிவில் உள்ள கடைசிக் குடிசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே எஞ்சியிருக்கும் வேலை. அதைச் செய்யப்போகும் மருத்துவரும் செவிலியரும் ஆய்வாளரும் உங்களுள் யார் யாரோ?